750இலிருந்து 500க்கு

1907 மே 28. ஐல் ஆஃப் மேன் தீவின் செயின்ட் ஜான்ஸ் கிராமத்தில் முதல் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியபோது, வண்டிகளுக்குப் பெட்ரோலை அளந்துதான் ஊற்றினார்கள். அன்றைய விதியில் சிசி பற்றிய பேச்சே இல்லை. எல்லாம் மைலேஜ் கணக்குத்தான். ஒற்றை சிலிண்டர் வண்டி கேலனுக்கு 90 மைல் ஓட வேண்டும். இரட்டை சிலிண்டர் வண்டிக்கு 75 போதும். ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்டுவிட்டு வண்டி வாங்கும் நம்மூர்க்காரர்களுக்கென்றே வைத்த பந்தயம் போல!

இரட்டைக்கு ஏன் இந்தச் சலுகை? ஒரே கார்புரேட்டரிலிருந்து இரண்டு சிலிண்டருக்கும் கலவை சமமாகப் போகாத காலம் அது. உரசும் பாகங்களும் அதிகம். முடிவும் அப்படித்தான் வந்தது. ஒற்றைப் பிரிவில் வென்ற மேட்ச்லெஸ் ஓட்டி சார்லி காலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைல். இரட்டைப் பிரிவில் பெஜோ எஞ்சின் பூட்டிய நார்ட்டனில் வந்த ரெம் ஃபௌலருக்கு 36தான். அவர் பட்ட பாடு தனிக்கதை. பிளக்கை மாற்றி மாற்றி, டயரும் வெடித்து, போதுமடா சாமி என்று ஒதுங்கப் போனார். ‘உங்கள் பிரிவில் அரை மணி நேரம் முன்னால் இருக்கிறீர்களே’ என்று வேடிக்கை பார்த்த ஒருவர் சொன்ன பிறகுதான் மறுபடி வண்டியை எடுத்தாராம்.

1909இல் பெட்ரோல் அளவையை விட்டுவிட்டு, இரு வகையையும் ஒரே பந்தயத்தில் ஓட விட்டார்கள். ஒற்றைக்கு 500 சிசி, இரட்டைக்கு 750. வென்றது ஹாரி காலியரின் இரட்டை. மறு ஆண்டு வரம்பை 670ஆகக் குறைத்தும் முதல் இரண்டு இடங்கள் காலியர் சகோதரர்களின் இரட்டைகளுக்கே. 1911இல் இன்னும் வெட்டி 585 ஆக்கினார்கள்.

அந்த ஆண்டுதான் பந்தயம் முதன்முறையாக ஸ்நேஃபெல் மலைப்பாதைக்கு மாறியது. அமெரிக்க இந்தியன் இரட்டைகள் முதல் மூன்று இடங்களையும் அள்ளின. எதிரிகள் பலர் பெல்ட்டை நம்பி மேடேற, இந்தியனிலோ சங்கிலியும் இரண்டு கியரும் இருந்தன. மலையில் ஜெயித்தது பெரும்பாலும் அந்தச் சங்கிலிதான். ஆனாலும் விதி எழுதியவர்களின் கத்தி சிலிண்டர் மேலேயே இருந்தது. 1912இல், பெரிய வண்டிகளுக்கான சீனியர் பந்தயத்தில் எல்லாருக்கும் 500 என்றாகிவிட்டது.

இதற்கிடையே ஸ்காட் என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறொரு வம்பு. சுற்றுக்கொரு முறை வெடிக்கும் எஞ்சின் அது. 1908இல் மலையேற்றப் போட்டியில் அது முந்தியதும் மற்ற தயாரிப்பாளர்கள் முறையிட்டார்கள். விதி எழுதும் ஆட்டோ சைக்கிள் யூனியன் அதன் கொள்ளளவை 1.32ஆல் பெருக்கிக் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் 500 சிசி வண்டி 660 ஆகிவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பெருக்கலும் போயிற்று.

சலுகையெல்லாம் ஒழிந்த 1912 சீனியர் பந்தயத்தை வென்றவர் ஃபிராங்க் ஆப்பிள்பீ, ஓட்டியது ஸ்காட். அடுத்த ஆண்டு டிம் வுட்டும் ஸ்காட்டில்தான் ஜெயித்தார். இரண்டுமே இரட்டை சிலிண்டர் வண்டிகள்.