செலவில் பங்கு, பழியில் விலக்கு: புளோரிடா ஆரஞ்சுத் தோப்புகளும் நீர்க் காப்பும்

மத்தியப் புளோரிடாவில் வடக்கு தெற்காக நீளும் லேக் வேல்ஸ் மேட்டின் மண்ணில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் வெறும் மணல். 'கேண்ட்லர் மணல்' என்று மண்ணியலார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் அதில் நிற்காது. தண்ணீரில் கரைந்த உரமும் நிற்காது. நெடுங்காலம் இந்த வடிகால் குணம் ஆரஞ்சு மரத்துக்கு வரமாக இருந்தது. வேர் அழுகவில்லை; மேடு என்பதால் பனிக்குளிரும் பள்ளத்தில் போல் தங்கவில்லை. 1980-களின் பிற்பகுதியில் அந்த மேட்டை ஒட்டிய குடிநீர்க் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் நைட்ரஜன், லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கூட்டரசு வரம்பைத் தாண்டியிருப்பது தெரிந்தது. வரமாக இருந்த மணல் வழக்குக்குச் சாட்சியாகும் நிலை வந்தது.

உழவருடன் அரசு செலவைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் இதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1936-ல் தொடங்கிய வேளாண் பாதுகாப்புத் திட்டம் மண் அரிப்பைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. நீரின் தரம் அதில் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிதான். புளோரிடாவிலும் தண்ணீருக்கென்று கூட்டரசுப் பணம் 1980-களின் தொடக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது ஓக்கிசோபி ஏரிக்கு வடக்கே இருந்த பால் பண்ணைகளுக்கு. தோப்புக்காரர்கள் வரிசையில் பின்னால் நின்றார்கள்.

அவர்கள் முறை வந்தபோது பேரம் வேறு வடிவம் எடுத்தது. 1994-ல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய நைட்ரேட் சட்டம், உரத்துக்கு டன்னுக்கு 50 சென்ட் கூடுதல் கட்டணம் விதித்து, அந்தப் பணத்தை ஆராய்ச்சிக்கும் மேலாண்மை முறைகளை வகுப்பதற்கும் ஒதுக்கியது. கட்டணம் சிறிது, சலுகை பெரிது. வகுத்த முறைகளைக் கைக்கொண்டு பதிவேடும் வைத்திருப்பவர் நீர்த்தர விதிகளுக்கு உட்பட்டே நடக்கிறார் என்று அரசு கொள்ளும். நைட்ரேட் கலந்த நிலத்தடி நீரைச் சுத்தம் செய்த செலவை அவரிடம் கேட்காது. என் கணிப்பில், தோப்புக்காரர்களைத் திட்டத்துக்குள் இழுத்தது பணத்தைவிட இந்த விலக்குதான். மேட்டுத் தோப்புகளுக்கான விதி 2002-ல் நடைமுறைக்கு வந்தது. உரத்தைப் பல தவணையாகப் பிரித்து இடுதல், நுண்தெளிப்பான் வழியே நீரோடு சேர்த்துக் கொடுத்தல், கோடை மழை மாதங்களில் அளவைக் குறைத்தல் ஆகியவை அதன் சாரம். புதிய கருவிக்கான செலவில் ஒரு பகுதியைத் தர, 1996-ல் பழைய வேளாண் பாதுகாப்புத் திட்டத்தின் இடத்துக்கு வந்த கூட்டரசின் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம் இருந்தது. அதில் பொதுவாகப் பணம் முன்கூட்டி வராது. வேலையை முடித்து, அது குறித்த தரத்தில் இருப்பதைக் காட்டிய பிறகே பங்கு கைக்கு வரும்.

இதற்கிடையே தோப்புகளே இடம் பெயர்ந்திருந்தன. 1983, 1985, 1989 ஆகிய ஆண்டுகளின் கடும் உறைபனியில் வடக்கே மரங்கள் கருகவும், நடவு தெற்குத் தாழ்நிலங்களுக்கு இறங்கியது. அங்கே சிக்கல் தலைகீழாக இருந்தது. டிசோட்டோ, சார்லட் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் உப்பேறிய நீரை மேலே கொண்டுவந்தன. பாசனம் போக வழிந்த நீர் ஓடைகளில் சேர்ந்து, புன்டா கோர்டா நகரம் குடிநீர் எடுக்கும் ஷெல் கிரீக் நீர்த்தேக்கத்தை அடைந்தது. குடிநீர் ஆதாரத்துக்கு மாநிலம் வைத்த, நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனின் வரம்பான 1,275 அலகு வறண்ட மாதங்களில் மீறப்பட்டது.

இங்கே கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றுக்குள் கருவியை இறக்கி எந்த ஆழத்தில் உப்பு நுழைகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆழம் வரை அடியிலிருந்து சிமென்ட் குழம்பு ஊற்றி அடைத்துவிடுவார்கள். கிணற்றின் மேல்பகுதி அப்படியே உழைக்கும். ஊறும் அளவு கொஞ்சம் குறையும், உப்பு வெகுவாகக் குறையும். பெரும் பணம் செலவழித்துத் தோண்டிய ஆழத்தைத் தானே மூடச் சம்மதிக்க எந்த உழவருக்கும் மனம் வராது. உப்பு நீர் தன் மரத்தின் இலையையும் கருக்குகிறது என்று கண்டபின்தான் மனம் இளகும். தென்மேற்குப் புளோரிடா நீர் மேலாண்மை மாவட்டமும் மாநில வேளாண் துறையும் 2003-ல் தொடங்கிய 'ஃபார்ம்ஸ்' திட்டம், இதோடு வழிந்தோடும் நீரைப் பிடிக்கும் குட்டைகளுக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் செலவில் பாதி முதல் முக்கால் வரை ஏற்றது.

விதிகள் முதிர்ந்த வேளையில் மரங்கள் சாகத் தொடங்கின. 2005-ல் மாநிலத்தின் தென்கோடியில் பச்சையாதல் நோய் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டியைத் தாண்டிய ஆரஞ்சு விளைச்சல், 2022-23 பருவத்தில் ஏறத்தாழ 1.6 கோடிப் பெட்டியாகச் சுருங்கியது. நோயுற்ற மரத்தின் வேர் பாதி போய்விடுவதால் அது ஒரே நேரத்தில் நிறைய உரம் ஏற்காது. சிறுசிறு அளவாக அடிக்கடி கொடுக்கவேண்டும். நீரைக் காக்க எழுதிய அதே முறையை, உயிர் பிழைக்க வேண்டி உழவர்கள் தாங்களாகவே கையில் எடுத்தார்கள். ஆகவே 2005-க்குப் பிறகு கிணறுகளில் காணும் எந்த முன்னேற்றத்தையும் திட்டத்தின் வெற்றி என்று முழுதாக எழுதிவைக்க நான் தயங்குவேன். உரமிட மரமே குறைந்துவிட்டது. 2020-ன் தூய நீர்வழிச் சட்டம் இரண்டாண்டுக்கு ஒருமுறை தோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, பார்வையிட வேண்டிய தோப்புகளில் பல காடாகிக் கிடந்தன.

மார்ட்டின் மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு தோப்பின் 413 ஏக்கரை 2014-ல் கரை கட்டி நீர் தேக்கும் பண்ணையாக மாற்றினார்கள். பின்னர் அது 3,200 ஏக்கராக விரிந்தது. சி-44 கால்வாயின் நீரை உள்ளே தேக்கி மெல்ல மண்ணுக்குள் இறங்கவிடுவதற்கு நில உரிமையாளருக்கு அரசு பணம் தருகிறது. மழைநீரை வெளியே இறைத்த நிலத்துக்கு இப்போது கால்வாய் நீர் உள்ளே இறைக்கப்படுகிறது.