தெய்வத்தின் உடைமை: சபா நாட்டுக் காணிக்கைக் கல்வெட்டுகளின் வளர்ச்சி

முன்னுரை

ஏமன் நாட்டு மாரிப் நகருக்குத் தெற்கே, முட்டை வடிவ மதில் சூழ, மணலில் புதைந்து கிடந்தது அவாம் கோயில். சபா மக்களின் தலைமைத் தெய்வமான அல்மகாவின் கோயில் அது. வெண்டல் பிலிப்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு 1951-52இல் அதை அகழ்ந்தது. அங்குக் கிடைத்த கல்வெட்டுகளை ஆல்பர்ட் ஜாம் 1962இல் நூலாக வெளியிட்டார். சபா நாட்டார் எழுதிய வரலாற்று நூல் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. தெய்வத்துக்கு அவர்கள் எழுதிவைத்த நன்றிச் சொற்களே அந்தக் குறையை நிரப்புகின்றன.

பெயரும் பொருளும்

கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளின் காணிக்கைக் கல்வெட்டுகள் சுருக்கமானவை. இன்னார் மகன் இன்னார் அல்மகாவுக்கு இன்னதை அளித்தார் என்பதோடு அவை முடியும். தம் பிள்ளைகளையே தெய்வத்துக்கு ஒப்படைத்தவர்களும் உண்டு. அக்காலத்தில் ஒரு வரி வலமிருந்து இடமாகவும், அடுத்த வரி இடமிருந்து வலமாகவும், ஏர் உழும் போக்கில் செல்லும். 29 மெய்யெழுத்துகள் கொண்ட அந்த எழுத்தில் குற்றுயிர்களுக்குக் குறியில்லை.

அளித்தலைக் குறிக்கும் வினை ஹ், க், ன், ய் என்னும் நான்கு மெய்களால் ஆனது. 'உடைமை' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த பிறவினை அது. தமிழில் 'உடைமையாக்கினார்' எனலாம். கொடுத்த பொருள் அன்று முதல் தெய்வத்தின் சொத்து என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

நன்றியும் வரலாறும்

கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை இதே வாய்பாடு விரிந்து நீண்டது. இக்காலப் பீடக்கல் ஒன்றின் மேற்புறத்தில், வெண்கலப் படிமத்தின் பாதங்களைப் பொருத்துவதற்கான குழிகளைக் காணலாம். படிமங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. கல்லின் முகப்பில் எழுத்து மட்டும் நிற்கிறது: கோயிலில் கிடைத்த அருள்வாக்கின்படி இந்த வெண்கலப் படிமத்தை அளித்தோம், நோய் தீர்ந்தது, போரிலிருந்து உயிரோடு திரும்பினோம், பிள்ளை பிறந்தது, இனியும் நல்ல விளைச்சலும் அரசரின் தயவும் தருக, பகைவரின் தீங்கிலிருந்து காத்தருள்க. நேர்த்திக்கடன் செலுத்தியவர்கள் காரணத்தையும் எழுதியதால்தான், மூன்றாம் நூற்றாண்டு மன்னர் இல்ஷரஹ் யஹ்துப் அபிசீனியரோடு நடத்திய போர்கள்கூட இன்று தெரிகின்றன.

வானத்தின் இறைவன்

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சபாவையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்த ஹிம்யர் அரசர்கள் ஒரே இறைக்கொள்கைக்கு மாறினர். மல்கிகரிப் யுஹஅமினும் அவர் மக்களும் 384இல் பொறித்த கல்வெட்டுகளில் 'வானத்தின் இறைவன்' மட்டுமே இடம்பெறுகிறார். அவாம் கோயிலில் காணிக்கை வைப்பதும் அந்த நூற்றாண்டோடு நின்றது. 548இல் மாரிப் அணையைச் செப்பனிட்ட கிறித்தவ மன்னன் அப்ரஹா, தன் கல்வெட்டை 'ரஹ்மானன்' (அருளாளன்) எனப்பட்ட இறைவனையும் அவருடைய மெசியாவையும் போற்றித் தொடங்கினான். தெய்வத்தின் துணையை நாடும் சொல் நிலைத்தது. படிமம் வைத்து நன்றி எழுதும் மரபு மறைந்தது.

முடிவுரை

பெயரில் தொடங்கி வரலாறாக வளர்ந்து, சமய மாற்றத்தோடு முடிந்தது இம்மரபு. கல்லை யாரும் பெயர்க்காதிருக்க அதைத் தெய்வத்தின் காவலில் விட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 2023 ஜனவரியில் யுனெஸ்கோ, மாரிப்பின் சபா நாட்டுச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. அந்தக் காவல் இனி நம் அனைவரின் கடமை.