சிதைந்த கோபுரமும் நீலக் கண்ணாடிக் கோயிலும்

ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் மேதக் பேராலயத்தைக் காணாதவர் சிலரே இருத்தல் கூடும். சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்னும் வெஸ்லியன் போதகரின் முயற்சியால் 1914இல் தொடங்கப்பெற்று, 1924ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பெற்றது அக்கோயில். பஞ்சத்தில் வாடியோர்க்கு வேலை தந்து சோறிட்ட திருப்பணி அது. அதன் மணிக்கோபுரம் 175 அடி உயரம். சாயலோ ஐரோப்பாவின் பழைய கோதிக் சாயல். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ச் சீர்திருத்தச் சபையார் எழுப்பிய கோயில்கள் பல வேறொரு வழியிற் சென்றன. மேதக் கோபுரத்தின் உயரத்தையே ஏறக்குறையக் கொண்டு, தோற்றத்தில் அதனோடு சற்றும் ஒவ்வாத கோபுரமுடைய பெர்லின் நகரக் கோயிலொன்றின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம். அதனைக் கெய்சர் வில்ஹெல்ம் நினைவுத் திருக்கோயில் என்பர்.

ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் பாட்டனார் முதலாம் வில்ஹெல்மின் நினைவாக எடுப்பித்த கோயில் அது. ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் வரைந்த திட்டப்படி 1891இல் கால்கொண்டு 1895இல் நிறைவெய்தியது. 113 மீட்டர் உயர்ந்த நடுக்கோபுரம், சுவரெங்கும் பல்வண்ணச் சில்லுகளாலான ஓவியங்கள். அவ்வோவியங்களிலே அரச குடும்பத்தாரே ஊர்வலமாக வருகின்றனர். இறைவனுக்கு எடுத்த கோயிலா, அரசமரபுக்கு எடுத்த கோயிலா என ஐயுறத்தக்க அமைப்பு. 1943 நவம்பரில் நேச நாடுகளின் விமானங்கள் பொழிந்த குண்டுகளால் அது எரிந்து வீழ்ந்தது. முனை முறிந்த கோபுரம் மட்டும் சுமார் 70 மீட்டர் உயரத்தில் கருகி நின்றது.

போர் முடிந்தபின் எழுந்த வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. சிதைந்த கோயிலை என் செய்வது? முன்போலவே எடுத்துக் கட்டுவதா, இடித்து அகற்றுவதா, அவ்வண்ணமே விட்டுவைப்பதா? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவலில் பழைய தளியை நீக்கிக் கற்றளி எடுத்தபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரிலே பொறிக்கச் செய்தார். உருவம் மாறினும் கொடையாளர் பெயர் அழியலாகாது என்பது அவ்வம்மையாரின் உள்ளம். தனுஷ்கோடியிலோ 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த மாதாகோயிலின் சுவர்கள் கடற்காற்றில் அப்படியே நிற்கின்றன. அங்கு எவரும் முடிவெடுக்கவில்லை; மக்கள் ஊரைவிட்டுப் போயினர், சுவர் நின்றுவிட்டது.

பெர்லினில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. போட்டி வைத்து வரைவுகள் பெற்று, 1957இல் எகோன் ஐயர்மான் என்னும் கட்டடக் கலைஞரைத் தேர்ந்தனர். அவர் வரைவின்படி பழைய கோபுரத்துக்கு இடமில்லை. செய்தி பரவியதும் நகரமே கொதித்தெழுந்தது. நாளேடுகள் கண்டனங்களால் நிறைந்தன. முன்னர் அக்கோபுரத்தைச் ‘சொத்தைப் பல்’ என்று எள்ளிய மக்களே அதனைப் பிடுங்கலாகாது என்றனர்! இறுதியில் ஐயர்மான், சிதைந்த கோபுரத்தை நடுவே நிறுத்தி அதனைச் சுற்றித் தம் கட்டடங்களை அமைக்க இசைந்தார், மனமுவந்தன்று. கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நமக்கு, மக்கள் குரலால் ஒரு திட்டம் திருந்தியது என்பதே பெரும் வியப்பு. இந்நகரத்து இர்ரம் மன்ஸில் மாளிகையை இடிக்கும் முடிவை 2019இல் உயர்நீதிமன்றம் தள்ளியதை அறிந்தோர் அவ்வியப்பை உணர்வர். எனினும் கலைஞரின் முதல் வரைவைவிட, மக்கள் வற்புறுத்திப் பெற்ற வடிவமே சிறந்தது என்பது நம் துணிபு. கோபுரம் இல்லையேல் புதிய கோயில் வெறுங் கான்கிரீட் பெட்டியாகவே தோன்றியிருக்கும்.

1959இல் பணி தொடங்கியது. எண்கோண வடிவில் கோயில், அறுகோண வடிவில் சுமார் 53 மீட்டர் உயர மணிக்கோபுரம். வெளியிலிருந்து நோக்கின் சாம்பல்நிறத் தேன்கூடு போன்ற சுவர். உட்புகுந்தாலோ நாற்புறமும் நீலம்! ஃபிரான்சு நாட்டு ஷார்த்ர் நகரைச் சார்ந்த காப்ரியேல் லுவார் செய்தளித்த கண்ணாடிகள் 20,000க்கும் மேல். தடித்த கண்ணாடியைச் சில்லுசில்லாய் உடைத்துக் கான்கிரீட்டில் பதித்தனர். நீலத்தினிடையே செம்மையும் பசுமையும் மஞ்சளும் பொறிகளாய்ச் சிதறும். முந்நாளைப் பகைநாட்டான் ஒருவன் கைவண்ணத்தால் அக்கோயில் ஒளிபெற்றது என்பது கருதத்தக்கது.

சுவரின் அமைப்பு இன்னும் நுட்பமானது. ஒன்றனுள் ஒன்றாக இரு சுவர்கள். இடைவெளி ஆளொருவர் உலாவுமளவு அகன்றது. வெளியே ஓயாது ஊர்திகள் செல்லும் வீதி. அதன் இரைச்சல் அவ்விடைவெளியிலேயே அடங்கிவிடும். விளக்குகளும் அங்கேயே உள்ளன. மேதக் கோயிலின் வண்ணக் கண்ணாடிகள் கதிரவன் மறைந்தபின் உள்ளிருந்து நோக்குவோர்க்கு இருண்டுவிடும். பெர்லினிலோ இரவிலும் நீலம் மங்குவதில்லை. பீடத்தின்மேல், செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தில் கார்ல் ஹெம்மேட்டர் வடித்த கிறிஸ்து உருவம் கைவிரித்துத் தொங்குகின்றது. உயரம் 4.6 மீட்டர்.

1961 ஆகஸ்டு 13 அன்று நகரைப் பிளக்கும் தடை எழுந்தது. நான்கே திங்களில், டிசம்பர் 17 அன்று, கோயில் திறக்கப்பெற்றது. பெர்லின் மக்களின் குறும்பு அப்போதும் ஓயவில்லை. புதிய கோபுரமும் கோயிலும் அவர்கட்கு ‘உதட்டுச்சாயமும் பவுடர் டப்பாவும்’ ஆயின.

இக்கோயிலுள் ஓர் ஓவியம் உண்டு. 1942 கிறிஸ்துமஸ் வேளையில், ஸ்டாலின்கிராடு முற்றுகையில் சிக்கிய ஜெர்மானியப் படை மருத்துவரும் போதகருமான குர்ட் ராய்பர், ருஷ்ய நிலப்படமொன்றின் பின்புறத்தில் கரியால் தீட்டியது. போர்வைக்குள் மகவை அணைத்திருக்கும் தாய்; ஓரத்தில் ஒளி, உயிர், அன்பு என்னும் சொற்கள். ராய்பர் 1944இல் ருஷ்யச் சிறைமுகாமில் மாண்டார்; ஓவியம் மட்டும் வீடு சேர்ந்தது. 1983இல் அவர் குடும்பத்தார் அதனைக் கோயிலுக்கு அளித்தனர். அதன் படிகள், ஜெர்மானியக் குண்டால் 1940இல் அழிந்து மீண்டெழுந்த இங்கிலாந்தின் காவென்ட்ரி பேராலயத்திலும், ஸ்டாலின்கிராடாக இருந்து இன்று வோல்கோகிராடு எனப் பெயர் பெற்ற நகரிலும் வைக்கப்பெற்றுள்ளன.