ஃபாத்திமீ கலீஃபாக்களின் மடக்குக் குடை

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்கஷந்தீ அவர்களின் 'ஸுப்ஹுல் அஃஷா'விலிருந்து ஒரு பகுதியை மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டோம். 'கதாதீஃப்' என்பது அச்சொல். பொருள் கடினமானதன்று, கொக்கிகள் என்பதே அதன் பொருள். எவற்றின் கொக்கிகள் என்பதிலும் ஐயமில்லை, கலீஃபாவின் குடைக்குரியவை. "ஹஜ்ரத், குடைக்கு எதற்குக் கொக்கி?" என்று ஒரு மாணவர் வினவினார். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. மழைக்காலமாதலால் தாழ்வாரத்தில் குடைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துவரச் செய்து, வகுப்பிலேயே இரண்டு மூன்று முறை விரித்தும் மடக்கியும் பார்த்தோம். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

குடையை விரிப்பதற்கான ஏற்பாட்டை யாவரும் அறிவர். காம்பின்மீது ஏறி இறங்கும் குழல் ஒன்று உண்டு. அக்குழலிலிருந்து கிளம்பும் சிறு தாங்கு கம்பிகள் பெரிய கம்பிகளை வெளியே தள்ளுகின்றன. குழல் உச்சியை அடைந்ததும் காம்பினுள்ளிருந்து எழும் சிறிய வில் ஒன்று அதைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது. ஆனால் மடக்கிய குடையை மடங்கிய நிலையிலேயே நிறுத்துவதற்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காம்பின் அடியில் இன்னொரு வில் குழலைப் பற்றிக் கொள்கிறது. கம்பிகளின் நுனிகள் நாற்புறமும் பிதுங்காதபடி ஒரு வார் துணியைச் சுற்றி இறுக்குகிறது. சில நீளக் குடைகளில் கம்பி நுனிகள் அனைத்தும் சென்று அடங்கும் சிறு கிண்ணம் ஒன்றும் காம்பில் பொருத்தப்பட்டிருக்கும். இவையெல்லாம் பழுதுபட்ட குடையைக் கையில் வைத்திருப்பவருக்கே இவற்றின் அருமை புரியும். பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் குத்தாமல் அதைக் கொண்டுசெல்வது எளிதன்று.

இனி கெய்ரோவுக்குச் செல்வோம். ஃபாத்திமீக்கள் ஹிஜ்ரி 358இல் (கி.பி. 969) எகிப்தைக் கைப்பற்றி, கெய்ரோ நகரை நிறுவினர். ஹிஜ்ரி 567இல் (கி.பி. 1171) ஸலாஹுத்தீன் அவர்களின் காலத்தில் அவ்வாட்சி முடிவுற்றது. இவ்விரு நூற்றாண்டுக் காலத்தில் கலீஃபாவின் பவனிகள் மிகுந்த ஆடம்பரத்துடன் நிகழ்ந்தன. அப்பவனிகளில் கலீஃபாவின் தலைக்குமேல் பிடிக்கப்பட்ட குடைக்கு 'மிளல்லா' என்று பெயர். 'ளில்' எனும் நிழலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. இக்கால அரபியில் வழங்கும் 'ஷம்ஸிய்யா' என்பதோ கதிரவனைக் குறிக்கும் 'ஷம்ஸ்' என்பதிலிருந்து வந்தது. ஐரோப்பியர் வழங்கும் 'அம்ப்ரெல்லா'வும் நிழல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததேயாகும். மழைக்கு இவற்றில் எதுவுமே பெயர் தரவில்லை.

ஹிஜ்ரி 439இல் (கி.பி. 1047) கெய்ரோவை அடைந்து சில ஆண்டுகள் தங்கிய பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, கால்வாய் திறப்பு விழாவின்போது இக்குடையை நேரில் கண்டார். குடையிலும் குடை பிடிப்பவரின் உடையிலும் பதிக்கப்பட்டிருந்த மணிகளும் பொன்னும் அவரை வியக்க வைத்தன. ஆயினும் அவர் கண்டது விரிந்த குடையைத்தான். அக்குடை எவ்வாறு செய்யப்பட்டிருந்தது என்பதை நமக்குச் சொல்பவர் வேறொருவர்.

அவர் இப்னுத் துவைர் (மறைவு ஹிஜ்ரி 617 / கி.பி. 1220). ஃபாத்திமீக்களின் இறுதிக் காலத்திலும், பின்னர் ஸலாஹுத்தீனின் ஆட்சியிலும் அரசு அலுவலில் இருந்தவர். அரண்மனையின் நடைமுறைகளை உள்ளிருந்து அறிந்தவர். 'நுஸ்ஹத்துல் முக்லதைன்' எனும் அவரது நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் கல்கஷந்தீ (மறைவு 1418), மக்ரீஸீ (மறைவு 1442) போன்ற பிற்கால ஆசிரியர்கள் அதிலிருந்து விரிவாக எடுத்தாண்டமையால் அதன் பெரும்பகுதி பிழைத்தது. எழுத்தர் பணிக்குரிய கையேடாகிய 'ஸுப்ஹுல் அஃஷா'வில் குடையின் அமைப்பு இடம்பெற்றமைக்கு இதுவே காரணம்.

அவ்வருணனையின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். குடை பன்னிரண்டு துணித் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் அடியில் ஒரு சாண் அகலமும் மூன்று முழத்திற்குச் சற்று அதிகமான நீளமும் உடையது. மேலே செல்லச் செல்லக் குறுகி, ஊசிபோல் முடிவது. மேல்நுனிகள் அனைத்தும் ஒரு பொன் வளையத்தில் இணைக்கப்பட்டிருக்கும். காம்பு, பொன் குழல்கள் போர்த்தப்பட்ட மரத்தாலான ஈட்டித் தண்டு. அத்தண்டின் தலைக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் அகலத்திற்குப் புடைத்த ஒரு வட்டு உண்டு. தண்டின் தலையில் நுழைக்கப்படும் பொன் வளையம் இவ்வட்டின்மீது அமர்ந்து, குடை கீழே சரிந்துவிடாதபடி நின்றுகொள்ளும். அதன்மேல் மாதுளங்கனி வடிவிலான பொன் குமிழ் பொருத்தப்படும்; அதன்மேல் மற்றொரு சிறு மாதுளை.

துணித் துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பன்னிரண்டு சட்டங்கள். இவற்றை அரபியில் 'அழ்லாஉ', அதாவது விலா எலும்புகள் என்கின்றனர். கலன்ஜ் என்னும் மரத்தில் நான்கு பட்டையாகச் செதுக்கிப் பொன் தகடு போர்த்தப்பட்டவை, எடை குறைந்தவை, துணியின் நீளமே இவற்றின் நீளமும். இச்சட்டங்களில்தான் நம் மாணவர் கேட்ட கொக்கிகள் வருகின்றன. மெல்லிய கொக்கிகளும் வளையங்களும் அமைக்கப்பட்டு, சட்டங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. குடை அவற்றால் மடங்கவும் விரியவும் செய்கிறது.

மடங்கவும் விரியவும் என்ற இவ்விரு வினைகளையும் எளிதாகக் கடந்துவிடலாகாது. மடக்குக் குடையின் வரலாற்றை எழுதிய ஐரோப்பியர் பலர், பாரிஸ் நகரில் பணப்பை செய்யும் தொழிலராயிருந்த ழான் மாரியுஸ் என்பவரை அதன் தொடக்கமாகக் காட்டுவர். 1709இல் அவர் வடிவமைத்த சட்டைப்பைக் குடைக்கு மறு ஆண்டே பிரெஞ்சு மன்னரின் தனியுரிமை கிடைத்தது. மடித்து எடுத்துச் செல்லத்தக்க இசைக்கருவியொன்றையும் செய்தவர் அவர். மடக்குவதில் அவருக்குத் தனி நாட்டம் இருந்திருக்கிறது. ஆனால் அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, மடங்கி விரியும் விலாச் சட்டங்களைக் கொண்ட ஒரு குடை கெய்ரோ அரண்மனையில் இருந்தது என்பதற்கு இப்னுத் துவைர் சான்றாக நிற்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்பகுதியைப் படித்த உற்சாகத்தில், ஒரு மீலாத் மேடையில், "மடக்குக் குடையை ஐரோப்பாவுக்கு அளித்தவர்கள் முஸ்லிம்களே" என்று நான் முழங்கினேன். கூட்டம் முடிந்தபின், வயதில் மூத்த ஒரு அன்பர் அருகில் வந்து, கெய்ரோவிலிருந்து பாரிஸுக்கு அது போன வழி எது என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஒன்று முந்தியது என்பதும், பிந்தியது அதிலிருந்து பிறந்தது என்பதும் இரு வேறு கூற்றுகள். முதற்கூற்றுக்கு நூற்சான்று உண்டு. இரண்டாவதற்கு நான் காட்டத்தக்க சான்று எதுவும் இல்லை. முந்தியது என்று பார்த்தாலும் கெய்ரோ முதலிடம் பெறாது. சீனத்தில் கி.பி. 21ஆம் ஆண்டளவிலேயே வாங் மாங் என்னும் மன்னரின் சடங்குத் தேருக்கு மடங்கும் குடை அமைக்கப்பட்டது. கி.மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் பேரரசரின் கல்லறையருகே 1980இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் தேர் ஒன்றில், குடைக்காம்பைப் பூட்டி நிறுத்தும் பொறி காணப்படுகிறது. அன்று மேடையில் பேசியதை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மீண்டும் கொக்கிகளுக்கு வருவோம். அவை குடையை விரித்து நிறுத்தவா, மடக்கிப் பிடிக்கவா? இவ்வருணனையில் ஏறி இறங்கும் குழலோ, தாங்கு கம்பிகளோ, வில்லோ குறிப்பிடப்படவில்லை. குமிழின் இடைவெளி மூன்று விரல் என்பதுவரை அளந்து சொல்லும் ஒருவர், குழலும் தாங்கு கம்பியும் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? இல்லை என்றே கருதுகிறேன். அவ்வாறாயின் சட்டங்களை வெளியே தள்ளுவது எது?

இதற்கு விடையை அளவுகளிலேயே தேடலாம். ஒரு சாணை ஏறத்தாழ 22 சென்டிமீட்டராகக் கொண்டால், பன்னிரண்டு துண்டுகளின் அடிச்சுற்றளவு 264 சென்டிமீட்டர். அதன் விட்டம் 84 சென்டிமீட்டர் அளவே ஆகும். ஆனால் துண்டின் நீளமோ, முழத்தை 50 சென்டிமீட்டராகக் குறைத்துக் கணக்கிட்டாலும், 166 சென்டிமீட்டருக்குக் குறையாது. நம் கைக்குடையைப்போல் அகன்று தட்டையாக விரிவதற்கு இவ்வளவுகள் இடம் தரா. உயர்ந்து ஒடுங்கிய கூடாரம் போன்ற வடிவமே கிடைக்கும். கூடாரம் போன்ற குவிமாடம் என்றே மூல ஆசிரியரும் அதைக் குறிப்பிடுகிறார். சட்டங்கள் காம்பிலிருந்து சிறிதளவே விலகி நின்றால் போதும்; விசையுடன் தள்ள வேண்டியதில்லை. அண்டைச் சட்டங்களைக் கொக்கியும் வளையமும் கொண்டு தொடுத்தாலே வடிவம் நிலைத்துவிடும். விளிம்பைச் சுற்றி ஒன்றரைச் சாணுக்கும் அதிகமான தொங்கல் துணி வேறு உண்டு. ஆகவே கொக்கிகள் முதன்மையாக விரிந்த நிலைக்கு உரியவை என்பது என் முடிவு. விட்டம் 84 சென்டிமீட்டர் என்றால் நிழல் ஒரே ஒருவருக்குத்தான். குதிரைமேல் அமர்ந்த கலீஃபாவைவிட்டு அந்நிழல் விலகாமல் பார்த்துக்கொள்வது குடை பிடிப்பவரின் கடமையாயிருந்தது. உயர்ந்த அமீர்களில் ஒருவரே அப்பதவிக்குரியவர்.

மடங்கிய நிலைக்கு உரியது கொக்கியன்று, துணி. பொன் இழையோடிய தபீக்கீ துணியில் குடை சுற்றி வைக்கப்பட்டது. எகிப்தின் தபீக் ஊரின் பெயரால் வழங்கிய உயர்தர நெசவு அது. பவனி தொடங்கும் வேளையில் குடை ஒப்படைக்கப்படும்போது, அதைப் பிடிப்பவர் மட்டுமே அச்சுற்றுத் துணியை நீக்கலாம். நம் குடையின் வார் செய்யும் வேலையை அங்கே ஒரு பொன்னிழைத் துணி செய்தது. அதோடு அதை அவிழ்க்கும் உரிமையும் ஒருவருக்கே என வரையறுக்கப்பட்டது. கலீஃபாவின் உடை எந்நிறமோ அந்நிறமே குடைக்கும் என்பதால், எந்நிறக் குடை வெளிவரப்போகிறது என்பதும் அதுவரை மறைந்திருந்தது.

இன்னொரு நுட்பம். சட்டங்கள் மடங்கி விரிவதை விளக்க, மண்கூஜாக்களைச் சார்ந்த ஒரு பொருளை ஆசிரியர் உவமையாக்குகிறார். கூஜா எல்லோர் வீட்டிலும் இருந்தது. அரண்மனைக் குடையின் பொறியைக் கெய்ரோவின் சாமானிய வீட்டுப் பொருளொன்றைக் காட்டி விளக்க முடிந்தது என்றால், அப்பொறி அரச இரகசியமாக இருந்ததில்லை. பொன்னும் மணியும் அரசருடையவை. கொக்கியும் வளையமும் கடைத்தெருக் கைவினைஞருடையவை. இவ்வுவமையே அப்பகுதி முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தமானது.

ஃபாத்திமீக்களுக்குப் பின் மம்லூக்குகள் இக்குடையைத் தொடர்ந்தனர். பாரசீகப் பெயரால் 'ஜித்ர்' என்றனர். வடமொழியின் சத்திரம் என்பதோடு உறவுடைய சொல் அது. மஞ்சள் பட்டில் பொன் வேலைப்பாடு. உச்சியில் பொன் முலாம் பூசிய வெள்ளிப் பறவை. இரு பெருநாள்களில் சுல்தானின் தலைக்குமேல் பிடிக்கப்பட்டது. 'குப்பாவும் பறவையும்' என்னும் பொருள்பட 'அல்குப்பா வத்தைர்' என்பது மக்கள் வழங்கிய பெயர். இப்னு பதூதா 1331இல் மொகதிஷுவிலும், 1352-53இல் மாலியிலும் பொற்பறவை அமர்ந்த பட்டுக் குடைகளைக் கண்டார். டில்லியில் யானைகள்மீதும் குடைகளைக் கண்டார்.

சாமானியர் கையில் மடக்குக் குடை மலிந்தது ஐரோப்பியத் தொழிற்சாலைகளாலேயே. பாரசீகம் சென்று திரும்பிய வணிகர் ஜோனஸ் ஹான்வே (1712-1786), இலண்டன் தெருக்களில் ஏளனத்தைப் பொருட்படுத்தாது நாள்தோறும் குடை ஏந்திச் சென்ற ஆடவர் என்று பெயர் பெற்றவர். அக்காலத்துக் கம்பிகள் திமிங்கலத்தின் வாய்த் தகடுகளிலிருந்து செய்யப்பட்டவை, கனமானவை, நனைந்தால் வளைந்துபோய், மடக்கினாலும் ஒழுங்காக அடங்காதவை. ஷெஃபீல்டு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் கம்பி இழுக்கும் தொழில் நடத்திய சாமுவேல் ஃபாக்ஸ், 1852இல் குறுக்குவெட்டில் வாய்க்கால்போல் குழிந்த எஃகுக் கம்பிகளைப் புகுத்தினார். 'பாரகன்' என்பது அச்சட்டகத்தின் பெயர். குழிவினால் வலிமை, வலிமையால் மெலிவு. மெலிந்த கம்பிகள் காம்போடு ஒட்டிக் கிடந்தன. ஊன்றுகோல்போல் ஒல்லியாகக் குடையைச் சுருட்ட முடிந்தது. 1928இல் ஜெர்மானியரான ஹான்ஸ் ஹவுப்ட் காம்பையும் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிச் சுருக்கினார். 'க்னிர்ப்ஸ்' என்னும் பெயரில் அது பரவிற்று.

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். சென்ற ஐப்பசியில் அவர் கல்லூரிக்கு வந்திருந்தபோது, நான் கண்ட முடிவையும் 84 சென்டிமீட்டர் கணக்கையும் அவருக்குக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "துணித்துண்டு ஒரு சாண் என்பது படியெடுத்தவரின் பிழையாக இருந்தால் கணக்கே மாறிவிடுமே, ஹஜ்ரத்" என்றார். மாறிவிடும்தான். ஆயினும் கூடாரம் என்ற சொல்லும் தாங்கு கம்பியின் இன்மையும் ஒரே பக்கம் சாய்வதால், நான் சாண் என்றே கொள்கிறேன்.