கண்ணீர் அஞ்சலி: நயாகரா பனிப்பாலத்து நடை

மறைவு: 4.2.1912, ஞாயிறு நண்பகல். தோற்றம் எப்போது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நயாகரா அருவிக்குக் கீழே, குளிர்காலத்தில் அமெரிக்கக் கரைக்கும் கனடாக் கரைக்கும் இடையே பனிமேல் நடந்து திரிந்த பழக்கத்துக்கு இந்த அஞ்சலி.

ஆறு உறைந்து உண்டானதல்ல அந்தப் பனிப்பாலம். ஈரி ஏரியில் உடையும் பனிக்கட்டிகளைக் காற்று ஆற்றுக்குள் தள்ளும். அவை அருவியோடு விழுந்து, குறுகலான பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றுவிடும். மேலே படியும் சாரல் உறைந்து எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். 15 மீட்டர் கனம்வரை வளர்ந்ததுண்டு. அடியில் ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதன்மேல்தான் திருவிழாக் கூட்டம். 1888 ஜனவரியில் ஒரே நாளில் 20,000 பேர் திரண்டார்கள் என்கிறார்கள். பலகைக் குடில்களில் காபி, சாராயம், நினைவுப் பொருட்கள். தகட்டில் படம் பிடித்துக் கொடுக்க ஆட்கள். அமெரிக்க அருவியின் காலடியில் சாரல் உறைந்து குன்றாக எழும். வயதானவர்கள்கூட வெட்கமில்லாமல் அதில் சறுக்கினார்கள். எல்லைக்கோடு நடு ஆற்றில். உரிமம் கேட்க எந்த நாட்டு அதிகாரி வருவது என்ற குழப்பம் சாராயம் விற்றவர்களுக்கு நல்ல வசதி!

அந்த ஞாயிறன்று பனி திடீரெனக் கரையைவிட்டு விலகி நகர்ந்தது. பெரும்பாலோர் ஓடித் தப்பினர். டொராண்டோவைச் சேர்ந்த எல்ட்ரிட்ஜ் ஸ்டான்டனின் மனைவி கிளாரா ஓட முடியாமல் விழுந்தார். கரையேறியிருக்கக்கூடிய 17 வயது பரல் ஹெகாக், ஸ்டான்டனின் கூக்குரல் கேட்டுத் திரும்பினான். மூவரும் பனித்திட்டோடு போனார்கள். ஆற்றோட்டத்தில் கீழே இருந்த பாலங்களிலிருந்து கயிறுகள் இறக்கப்பட்டன. பையன் பற்றிக்கொண்டான்; மேலே இழுக்கும்போதே பிடி தளர்ந்து விழுந்தான். ஸ்டான்டன் தனக்குக் கிடைத்த கயிற்றை மனைவியின் இடுப்பில் கட்டப் பார்த்தார். விறைத்த விரல்களுக்கு முடிச்சு வசப்படவில்லை. இருவரும் அணைத்தபடி நீரில் மறைந்ததைப் பாலத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள்.

அதோடு பனிமேல் இறங்கத் தடை வந்தது. தடை சரிதான், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். 1938 ஜனவரியில் அதே பனி நெருக்கித் தள்ளியதில் ஆற்றின் குறுக்கே இருந்த இரும்புப் பாலமே சரிந்தது. 1964 முதல் ஈரி ஏரியின் வாயில் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதவைத் தடுப்பு போடுகிறார்கள். மின்நிலையங்களின் நீர்வழியைப் பனி அடைக்கக்கூடாது என்பதற்காக. பனிப்பாலம் பழையபடி அத்தனை பெரிதாக வளராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டொராண்டோவில் உறவினர் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் கோடையில் நயாகராவைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். ஒருமுறை பிப்ரவரியில் போங்கள். கடுங்குளிர் ஆண்டாக அமைந்தால், கனடாக் கரை நடைபாதையிலிருந்தே கீழே பனி சேர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். இறங்க மட்டும் அனுமதியில்லை.