மறைபொருள் காப்போர் மாநாடு

ஆசிரியர் கூடி மாநாடு நடத்துகின்றனர், மருத்துவர் நடத்துகின்றனர், புலவர் நடத்துகின்றனர். இவர்கள் கூடுவதில் வியப்பொன்றுமில்லை. அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைப்பது இவர்தம் கடமை. ஆயின், அறிந்ததைப் பிறர் அறியாவண்ணம் காப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு சாராரும் உலகில் உளர். அவர்தாம் கண்கட்டு வித்தைக்காரர். கையிலிருந்த பந்து எங்ஙனம் மறைந்தது என்பதைப் பெற்ற மகனிடம் சொல்லவும் ஒருகாலத்தில் தயங்கிய இவ்வினத்தார், இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தே கூடித் தம் நுட்பங்களை ஒருவர்க்கொருவர் விளக்கிக் காட்டுகின்றனர். மறைப்பதைத் தொழிலாகக் கொண்டோர் விளக்குவதற்கு மாநாடு கூட்டியது எவ்வாறு? அதனால் அக்கலை வளர்ந்ததா, தேய்ந்ததா? இவ்விரண்டு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

செப்பும் பந்தும்

வித்தை இருவகைப்படும். ஒன்று, மேடையில் நின்று பேரவையை மயக்குவது. மற்றொன்று, காண்போர் கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்து, நாணயமும் சீட்டும் கிண்ணமும் கொண்டு செய்வது. மேலைநாட்டார் பிற்காலத்தில் வகுத்த இப்பாகுபாட்டிற்கு ஏற்ற சொற்கள் நம் மொழியிற் பண்டே உண்டு. முன்னதற்கு இந்திரசாலம் என்னும் பெயர் பொருந்தும். பின்னதற்குச் செப்பிடு வித்தை என்னும் பெயர் பொருந்தும். செப்பு என்பது சிறு சிமிழ். சிமிழுக்குள் இருந்த உருண்டை அங்கே இல்லாது போவதும், இல்லாத இடத்தில் தோன்றுவதும் உலகின் மிகப் பழைய வித்தைகளுள் ஒன்று. உரோமாபுரி அறிஞர் செனெக்கா தம் கடிதமொன்றில், ஏமாற்றப்படுவதே இன்பம் தரும் இவ்விளையாட்டைச் சுட்டியிருக்கிறார்.

ஆயினும் வித்தைக்காரர் வாழ்வு இன்பமாக இல்லை. ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று ஐயுறப்பட்டோர் உயிரிழந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில், 1584ஆம் ஆண்டு, ரெஜினால்டு ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் சூனியம் பற்றிய மூடநம்பிக்கையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். பேயின் துணையால் நிகழ்வன என்று மக்கள் அஞ்சிய பல செயல்கள் வெறும் கைத்திறனே என்று காட்டுதற்பொருட்டு, வித்தைகள் சிலவற்றின் உட்பொருளையும் அந்நூலில் விளக்கினார். மறைபொருளை வெளியிடுதல் சிலவேளை உயிர்காக்கும் அறமாகவும் ஆகும் என்பதற்கு இந்நூல் ஒரு சான்று.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற வித்தைக்காரர் ஒருவரை ஆங்கிலேயர் ராமோ சாமி என்று அழைத்தனர். இராமசாமி என்னும் பெயரின் திரிபு அது என்பதை நாம் சொல்லாமலே அறிவோம். கிண்ணமும் பந்தும், பந்தெறிதல், வாள் விழுங்குதல் ஆகியவற்றில் அவர் வல்லவர். இந்திய வித்தைக்காரர்தம் திறனைக் கண்டு வியந்த ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட், அவர்களைப் பற்றி ஒரு கட்டுரையே வரைந்தார். ஆயினும் 1850இல் இராமசாமி இலண்டனில் மறைந்தபோது வறுமையே அவருடன் இருந்தது. அவர் கைத்திறனை ஏட்டில் எழுதிவைக்கவும், அவர்க்கு இறுதிச் சிறப்புச் செய்யவும் ஒரு சங்கம் அந்நாளில் இல்லை. இக்குறையை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

கடையின் பின்னறையில்

1902ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், நியூயார்க் நகரில் மார்ட்டிங்கா என்பாரின் வித்தைப்பொருள் கடையின் பின்னறையில் 24 பேர் கூடினர். அமெரிக்க வித்தைக்காரர் சங்கம் பிறந்தது அங்கேதான். அதனைத் தோற்றுவிக்க முன்னின்றோருள் எலிசன், மார்ட்டிமர் என்னும் மருத்துவர் இருவர் குறிப்பிடத்தக்கவர். மருத்துவர் இதில் ஈடுபட்டது தற்செயலாக இருக்கலாம். எனினும், அறிந்ததைத் தம்முள் பகிர்ந்துகொண்டே வளர்ந்த தொழிலுக்குரியோர், பகிராமையால் குன்றிய தொழிலைச் சங்கமாக்க முன்வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்றாண்டுகள் கழித்து, 1905இல், இலண்டனில் ஓர் உணவகத்தில் 23 பேர் கூடி வித்தை வட்டம் என்னும் கழகத்தைக் கண்டனர். மறைபொருளை வெளியிடாமையை உணர்த்தும் இலத்தீன் தொடரையே அது தன் குறிக்கோளாகப் பொறித்துக்கொண்டது. அக்கட்டுப்பாடு வெறும் அணிகலன் அன்று. கழகத்தின் முதல் தலைவராக விளங்கிய டேவிட் டெவன்ட் என்னும் பெரும்வித்தகர் பிற்காலத்தில் தம் வித்தைகள் சிலவற்றைப் பொதுமக்கள் படிக்கும் இதழில் விளக்கி எழுதியபோது, அவரையும் அது விலக்கிற்று. பின்னர் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

இங்கு ஒரு நுட்பம் உளது. முன்னாளில் வித்தைக்காரன் ஒவ்வொருவனும் தன்னைச் சுற்றி ஒரு மதில் எழுப்பியிருந்தான். சங்கம் தோன்றியபின் மதில் இடிந்துவிடவில்லை, இடம் மாறியது. தனியொருவனைச் சூழ்ந்திருந்த மதில் கலை முழுவதையும் சூழ்ந்தது. வெளியார்க்கு உரைத்தல் குற்றம். பயில்வார்க்கு உரைத்தல் கடமை. இப்புதிய நெறியே மாநாடு தோன்றுவதற்கு வழிவகுத்தது.

சிற்றூரில் எழுந்த அவை

1922இல் கனடா நாட்டு வின்னிபெக் நகரிலிருந்த லென் வின்டஸ் என்னும் இளைஞர், தொலைவிலிருந்த வித்தை ஆர்வலரோடு கடிதத் தொடர்பு கொண்டு அனைத்துலக வித்தைக்காரர் சகோதரத்துவம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். பெருநகரச் சங்கங்களுக்குச் செல்ல இயலாத சிற்றூர் அன்பர்க்கு அஞ்சலும் இதழுமே வகுப்பறை ஆயின. கடிதத்தில் மட்டுமே பழகியோர் நேரிற் காண விழைவது இயல்பன்றோ? 1926இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கென்டன் என்னும் சிற்றூரில் அவர்களுடைய முதல் மாநாடு கூடியது.

கென்டனில் கூடியதற்குக் காரணம் அங்கு வாழ்ந்த வில்லியம் டர்பின் என்பார். அவர் அரசியல்வாணர், பிற்காலத்தில் அமெரிக்கக் கருவூலத்தின் பதிவாளராக 1933 முதல் பணியாற்றியவர். வித்தையின்மேல் கொண்ட காதலால் தம் இல்லத்தருகே ஒரு சிறு அரங்கத்தையே அமைத்து, அதற்கு எகிப்திய மண்டபம் என்று பெயரிட்டிருந்தார். அம்மண்டபமே முதல் மாநாட்டின் மேடை ஆயிற்று.

இதே போன்று மிச்சிகன் மாநிலத்துக் கோலன் என்னும் ஊரும் பெயர் பெற்றது. புகழ்வாய்ந்த ஹாரி பிளாக்ஸ்டன் அங்குக் குடியேறினார்; அவரைக் காணவந்த ஆஸ்திரேலியர் பெர்சி அப்பட் அங்கேயே தங்கி வித்தைப்பொருள் செய்யும் தொழிற்கூடம் அமைத்தார். 1934இல் அவர் தொடங்கிய கூட்டம் கோடைதோறும் கூடும் வழக்கமாக நிலைத்தது. அவ்வூர் இடுகாட்டில் வித்தைக்காரர் பலர் துயில்கின்றனர்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவைச் சிதைத்தது. அச்சாம்பல் ஆறுமுன்னரே 1946இல் ஆம்ஸ்டர்டாமிலும், அடுத்த ஆண்டு பாரிசிலும் பன்னாட்டு வித்தைக்காரர் கூடினர். 1948இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வித்தைச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1952க்குப் பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதன் பெருமாநாடு கூடுவது வழக்கமாயிற்று. அதன் தலையாய பரிசை 1950, 1955, 1961 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வென்றவர் ஒல்லாந்து நாட்டு பிரெட் காப்ஸ்.

நெடுங்காலம் ஐரோப்பாவிலேயே கூடிய இவ்வவை 1994இல் ஜப்பானின் யோக்கஹாமாவிலும், 2009இல் பெய்ஜிங்கிலும், 2018இல் கொரியாவின் பூசானிலும் கூடிற்று. 2012இல் கொரிய இளைஞர் யூ ஹோ ஜின் மேடை வித்தைக்கான தலையாய பரிசையும், 2018இல் தைவானைச் சேர்ந்த எரிக் சியென் அண்மை வித்தைக்கான தலையாய பரிசையும் வென்றனர். கதவு திறந்திருந்தால் திறமை எத்திசையிலிருந்தும் வரும்.

அவைக்குள் நிகழ்வன

மாநாட்டில் நிகழ்வன நான்கு. முதலாவது போட்டி. போட்டியாளர்க்கு ஐந்து நிமிடம் முதல் பத்து நிமிடம் வரையே கொடுக்கப்படும். நடுவர்களும் வித்தை அறிந்தவரே. இரண்டாவது விரிவுரை. வல்லவர் ஒருவர் முதலில் வித்தையைச் செய்து காட்டிப் பின்னர் அதன் உறுப்புகளைப் பிரித்து விளக்குவார். மூன்றாவது சந்தை. புதிய கருவிகளும் நூல்களும் அங்கு விற்பனையாகும். நான்காவது நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதில்லை. ஆயின் அதுவே உயிர்நாடி. நள்ளிரவுக்குப் பின் விடுதி மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, சீட்டுக்கட்டைக் கையில் எடுத்து, ஒருவர் கையை மற்றொருவர் கூர்ந்து நோக்கிக் கற்கும் கல்வி அது.

இவ்வகைக் கூட்டத்தின் பயனை ஒரு நிகழ்ச்சி விளக்கும். எந்த வித்தையையும் மும்முறை கண்டால் அதன் மறையை அறிந்துவிடுவேன் என்று பெருமை பேசியவர் ஹாரி ஹூடினி. 1922இல் சிகாகோ நகரில் அவரைச் சிறப்பித்து வித்தைக்காரர் நடத்திய விருந்தில், டாய் வெர்னன் என்னும் கனடிய இளைஞர் ஒரு சீட்டில் ஹூடினியைக் கையொப்பமிடச் செய்தார். அச்சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகத் திரும்பத் திரும்ப அது மேலே வந்தது. மும்முறைக்கு மேலும் கண்ட ஹூடினியால் விடை சொல்ல இயலவில்லை. பெரும்புகழ் பெற்றவர் பெயரறியா இளைஞன் முன் தோற்பதற்கு இடமளிக்கும் அவையே கல்விக்குரிய அவை. அவ்வெர்னனே பின்னர்த் தம் 98ஆம் வயது வரை வாழ்ந்து, அண்மை வித்தை பயில்வோர்க்கெல்லாம் பேராசான் ஆனார்.

அந்த ஹூடினி 1926இல் மறைந்தபோது, அமெரிக்கச் சங்கத்தார் அவர் பேழையருகே ஒரு மந்திரக்கோலை முறித்து விடைகொடுத்தனர். வித்தைக்காரர் மறையும்போது கோல் முறிக்கும் சடங்கு அன்று தொடங்கியது. இராமசாமிக்குக் கிட்டாத சிறப்பு இது.

கதவுக்கு வெளியே

புகழ்ந்தவாறே முடித்தால் வரலாறு முழுமை பெறாது. மதில் சூழ்ந்த இடத்தில் கதவு யாருக்குத் திறக்கும் என்னும் வினா எழும். இலண்டன் வித்தை வட்டம் 1905 முதல் 1991 வரை மகளிரை உறுப்பினராக ஏற்கவில்லை. மறைபொருளை மகளிரால் காக்கவியலாது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்ட காரணம்.

ஜென்னி வின்ஸ்டன்லி என்னும் வித்தகி இதனைப் பொய்யாக்க முனைந்தார். சோபி லாய்டு என்னும் நடிகையை ரேமண்டு என்னும் இளைஞனாக வேடமிடச் செய்து பயிற்றுவித்தார். ரேமண்டு தேர்வில் தேறி 1991இல் உறுப்பினரானார். நடுவர் ஒருவர்க்கும் ஐயம் எழவில்லை. அதே ஆண்டில் மகளிரைச் சேர்க்கக் கழகம் முடிவு செய்ய, இருவரும் உண்மையை வெளியிட்டனர். வஞ்சித்தார் என்று கூறிக் கழகம் சோபியை விலக்கிற்று. வஞ்சித்தலையே கலையாகக் கொண்டோர், தம்மை வஞ்சித்த கலைஞரைப் பொறுக்கவில்லை! மறைபொருளை மகளிர் காப்பரோ என்று ஐயுற்ற அவைக்குள்ளேயே ஒரு பெண் தன் மறைபொருளைக் காத்துக் காட்டினாள். 2025இல் கழகம் வருந்தி சோபியை மீண்டும் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அந்நாளைக் காண ஜென்னி உயிரோடில்லை.

நாம் கொள்ளத்தக்கது

தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு விடை இப்போது தெளிவாகும். மாநாடு கூடியதால் வித்தை தேயவில்லை. ஒருவன் மறையைக் கேட்டறிந்த நூறு பேர், அதனினும் நுண்ணிய நூறு மறைகளைக் கண்டனர். அறிந்தோர் அவையிலும் புதியது செய்தாலன்றிப் பரிசில்லை என்னும் நிலை கலையை மேலே உந்திற்று.

நம்மிடையே எத்தனையோ கைமருந்துகளும், நாட்டு நுட்பங்களும், கூத்து முறைகளும் 'இது எங்கள் குடும்பத்து மறை' என்று பெட்டியிற் பூட்டப்பட்டு, கறையானுக்கும் காலனுக்கும் இரையாயின. தந்தை சொல்லாது மறைந்தார். மகன் அறியாது நின்றான். மறைபொருளையே முதலாகக் கொண்ட வித்தைக்காரர் கற்றுக்கொண்ட பாடத்தை, மறைக்க வேண்டாதவற்றையும் மறைத்த நாம் கற்கவில்லை.

காத்தலும் வேண்டும், கற்பித்தலும் வேண்டும். கற்கத் தகுதியுடையார் எவரெனினும் கதவைத் திறத்தல் அனைத்தினும் வேண்டும். கையிலுள்ள பந்தை மறைப்பவன் வித்தைக்காரன். கற்ற கல்வியை மறைப்பவன் அதனை அழிப்பவன்.