சபர் முடிந்தபின் தங்குமிடம் எது?

நேமத்தான்பட்டி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கும் பெருவீடுகளைக் காண்கிறோம். அவற்றைக் கட்டிய நகரத்தார் சென்ற கடல்வழியேதான் இளையான்குடி முதலிய ஊர்களின் நம் சபுராளிகளும் இரங்கூனுக்கும் பினாங்கிற்கும் சென்றனர். பொருளீட்டி முடித்த முதுமையில் அங்கேயே தங்கலாமா என்ற கேள்வி அன்று எவருக்கும் எழவில்லை. தங்குவதற்குத் தாள் வேண்டும் என்னும் நிலை பின்னரே வந்தது.

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அவ்வாண்டு அது பிரிக்கப்பட்டதும் நம்மவர் அங்கே அயலாராயினர். 1941-இல் குடியேற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வாண்டின் இறுதியிலேயே போர் மூண்டு, இலட்சக்கணக்கானோர் கால்நடையாய் இந்தியா திரும்பினர். எஞ்சியோரின் கடைகளை 1964-இல் இராணுவ அரசு நாட்டுடைமையாக்கியது. பல்லாண்டு உழைப்பை விட்டுவிட்டு அவர்களும் கப்பலேறினர்.

மலாயாவிலோ, நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியவர் பினாங்கில் எளிதாய் இறங்கிய காலம் ஒன்றிருந்தது. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் அவ்வாசலைச் சுருக்கியது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதோர் வேலை செய்யவும் அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பியாத முதியோர் பலர் ஊர் திரும்ப நேர்ந்தது.

அதே மலேசியா 1996-இல் ஐம்பது வயது கடந்த அயலார்க்கு நெடுநாள் தங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2002-இல் அது 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என விரிந்து, இளவயதில் ஓய்வு பெற்றோர்க்கும் திறந்தது. முன்னர் உழைப்பாளிக்குத் திறந்த கதவு, இப்போது சேமிப்புள்ளவர்க்குத் திறக்கிறது. ஆயினும் 2021-இல் மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை பத்து இலட்சம் ரிங்கிட் என நிபந்தனைகள் திடீரென உயர்ந்தன. 2024-இல் மீண்டும் மாறின. ஐக்கிய அமீரகமும் 55 வயது கடந்தோர்க்கு ஐந்தாண்டு ஓய்வு விசா வழங்குகிறது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர் தாயகம் திரும்ப, 2005-இல் உருவான வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வாழ்நாள் விசாவாக உதவுகிறது. ஆனால், அதைக் கொண்டு வேளாண் நிலம் வாங்கவோ வாக்களிக்கவோ இயலாது.

இவ்வரலாறு நமக்கு மூன்றைக் கற்பிக்கிறது. தங்கும் அனுமதி குடியுரிமையன்று. கொடுத்த அரசே அதன் நிபந்தனைகளை மாற்றலாம். எனவே ஊரிலுள்ள வீட்டையும் உறவையும் விட்டுவிடலாகாது. வைப்புத்தொகை கேட்கப்படுமிடத்தில் வட்டியில்லா இஸ்லாமிய வங்கிக் கணக்கு ஏற்கப்படுமா என முன்னரே விசாரிப்பது நம் கடமை. மலேசியாவில் 1983 முதலே அத்தகைய வங்கி உண்டு. விசாவில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும் ஒப்பந்தமே. அவற்றை மீறித் தங்குவது வாக்குறுதியை மீறுவதாகும்.

உழைத்த கைகளுக்கு ஓய்வையும், ஓய்ந்த காலத்தில் குடும்பத்தின் அருகாமையையும் அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.